ஒன்பது நிமிடப் பிழை

காலை எட்டு ஒன்பதுக்குத் தம்பி வந்தான். எட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அக்கா எட்டு ஐந்துக்குத்தான் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அவன் செருப்பைக் கழற்றும்போது தேநீர் கோப்பையில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"அக்கா, உன் போனைக் குடு."

"எதுக்கு?"

"குடேன். கடிச்சா தின்னப்போறேன்?"

கொடுத்தாள். அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமை. முகத்தில் நான்கு நாள் தாடி.

இருவரும் ஆறு வருடம் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள். தராசுகளைச் சரிபார்க்கும் ஆய்வகம். நகைக்கடை, ரசாயனக் கம்பெனி, கூரியர் அலுவலகம் என்று எங்கே தராசு இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை யாராவது பார்த்து, அது எவ்வளவு சரி, எவ்வளவு தப்பு என்று சான்றிதழ் தரவேண்டும். சின்னத் தராசுகள் ஆய்வகத்துக்கு வரும். அவை அக்காவுக்கு. பெரிய தராசுகள் வராது. எடைக்கற்களைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு தம்பி அவற்றிடம் போவான்.

நான்கு மாதத்துக்கு முன் ஆய்வகம் வெளிவேலையை நிறுத்திவிட்டது. அக்காவின் மேசை அப்படியே இருந்தது. தம்பியின் பெட்டி அலமாரிக்குப் போனது. தம்பி வீட்டுக்குப் போனான்.

"இந்தா, உனக்கு ஒரு கணக்குத் தொடங்கிட்டேன்" என்று போனை அவள் பக்கம் திருப்பினான்.

அவளுக்குத் தெரிந்த தளம்தான். வேலையில் இருப்பவர்களும் வேலை இல்லாதவர்களும் வேலை கொடுப்பவர்களும் ஒரே வரிசையில் நின்று சிரிக்கும் தளம். அவள் அந்தப் பக்கம் போனதில்லை.

"எனக்கு எதுக்குடா இது? எனக்குத்தான் வேலை இருக்கே."

"உனக்கில்ல. எனக்கு. முதல்ல என் பக்கத்தைப் பாரு."

பார்த்தாள். கோட்டும் டையும் போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கீழே கொட்டை எழுத்தில்: துல்லியத்தின் தூதுவர்.

"யாருடா இவரு?"

"நான்தான்."

"கோட்டு யாரோடது?"

"போட்டோ எடுத்தவரோடது. தலை மட்டும் என்னோடது."

"பன்னாட்டு அனுபவம்னு போட்டிருக்கே."

"துறைமுகத்துக்குப் போய்த் தராசு பார்த்தேனே, மறந்துட்டியா? அது வேற நாட்டுக் கப்பல்."

"கப்பல்ல ஏறினியா?"

"பக்கத்துல நின்னேன்."

அக்கா தேநீரை உறிஞ்சினாள். திரையைத் தள்ளிக்கொண்டே போனாள். ஆயிரத்து நூற்று ஆறு பேர் அவனோடு இணைந்திருந்தார்கள்.

"இதுல உன்னை ரோட்டுல பார்த்தா அடையாளம் கண்டுபிடிக்கறவங்க எத்தனை பேரு?"

அவன் கூரையைப் பார்த்தபடி விரலை மடக்கினான். "பதினாலு. இன்னையிலிருந்து உன்னோட பதினஞ்சு."

பிறகு விஷயத்துக்கு வந்தான். ஊருக்கு வெளியே ஒரு மருந்துத் தொழிற்சாலை. அதன் எடை அறைக்கு ஓர் ஆள் வேண்டும். ஒரே ஓர் இடம். அந்த விளம்பரம் இந்தத் தளத்தில்தான் வந்தது. வேறெங்கும் வரவில்லை. அவன் விண்ணப்பித்துவிட்டான். கூட வேலை பார்த்தவர் ஒருவராவது அவன் பக்கத்தில் பரிந்துரை எழுதியிருக்க வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள்.

"முத்திரைகிட்ட கேளேன்."

முத்திரை என்பது ஆய்வக மேலாளர். சான்றிதழில் முத்திரை குத்துவது தவிர அவர் வேறு எதுவும் செய்து யாரும் பார்த்ததில்லை.

"கேட்டேன். யோசிக்கறேன்னாரு. அவரு யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நான் ஓய்வு பெற்றுடுவேன்."

"வேலையே இல்லாம ஓய்வா?"

"அதைத்தான் சொல்றேன்."

இருவரும் சிரித்தார்கள். அவன் சிரிப்பு முதலில் நின்றது.

"நேத்து மூணு மணிக்குக் குளிச்சேன்க்கா" என்றான். "மத்தியானம் மூணு. வீட்டுக்காரி வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள குளிச்சிடணும்னு ஓடிப்போய்க் குளிச்சேன். இது போச்சுன்னா அந்த ஓட்டமும் ஓடமாட்டேன்னு பயமா இருக்கு."

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்ன எழுதணும்?"

"நல்லதா நாலு வரி."

"உண்மையாவா?"

"உண்மையாத்தான். ஆனா நல்லதா."

"சரி" என்றாள்.

*

ஆய்வகத்தில் அக்காவின் அறை தெருவைப் பார்த்தது. கனமான கருங்கல் மேசை. அதன்மேல் கண்ணாடிக் கூண்டுக்குள் தராசு. எதிரே நின்று மூச்சு விட்டால் எண் மாறும். தெருவில் லாரி போனால் எண் ஆடும். லாரி வரும் சத்தம் கேட்டதும் அவள் இடுக்கியை அப்படியே காற்றில் பிடித்துக்கொண்டு நிற்பாள். லாரி போனபிறகு எடைக்கல்லைத் தட்டில் வைப்பாள். பதினான்கு வருடமாக ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது லாரிகளுக்கு இப்படி நின்றிருக்கிறாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் போனை எடுத்தாள். தளத்தில் அவளுக்கு ஏற்கெனவே ஒன்பது செய்திகள் வந்திருந்தன. ஒருவர் அவளைத் தலைவி ஆக்க ஆறு வாரப் பயிற்சி தருகிறார். ஒருவர் அவளுடைய பயணம் தன்னை நெகிழவைத்தது என்கிறார். அவள் கணக்குத் தொடங்கி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. பயணத்தில் இன்னும் பேருந்தே வரவில்லை.

பரிந்துரை எழுதும் கட்டத்தைத் திறந்தாள். மற்றவர்களுக்கு மற்றவர்கள் எழுதியதைப் பார்த்தாள். எல்லோரும் அபாரமானவர்கள். எல்லோரும் அயராதவர்கள். ஒருவரிடமும் ஒரு குறையும் இல்லை.

அவள் தொழிலில் அப்படி ஒரு சான்றிதழ் வந்தால் தூக்கிப்போட்டுவிடுவார்கள். பிழை இல்லாத தராசு கிடையாது. பிழை என்று எதையும் காட்டாத சான்றிதழுக்கு ஒரே அர்த்தம்தான்: யாரும் தராசைத் தொட்டே பார்க்கவில்லை. நல்ல தராசு என்றால் பிழை எவ்வளவு என்று தெரிந்த தராசு. எப்போதும் இரண்டு கிராம் கூடக் காட்டுகிறதா, இரண்டைக் கழித்துக்கொண்டு நிம்மதியாக வேலை பார்க்கலாம். ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய என்று காட்டுவதைத்தான் நம்பக்கூடாது.

தம்பிக்கு அவளால் முடிந்ததிலேயே சிறந்த சான்றிதழை எழுத நினைத்தாள். எழுதினாள்.

"இவரை ஆறு வருடம் கவனித்திருக்கிறேன். சொன்ன நேரத்துக்கு ஒன்பது நிமிடம் தாமதமாக வருவார். எட்டு இல்லை, பத்து இல்லை. தெரிந்துவிட்டால் தொல்லை இல்லை. நடந்ததைச் சொல்லும்போது ஒன்றரை மடங்காகச் சொல்வார். அந்த அளவுக்குக் குறைத்துக்கொண்டால் உண்மை கிடைக்கும். இருபது கிலோ எடைப்பெட்டியை லிப்ட் இல்லாத கட்டடங்களில் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறார். ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. தராசு தவறாக இருந்தால் யார் முன்னாலும் தவறு என்று சொல்வார். இதில் பிழை எதுவும் காணப்படவில்லை. பயன்படுத்தத் தக்கவர். ஒரு வருடம் கழித்து மறுபடி சரிபார்க்கவும். நான் இவருடைய அக்கா. படிப்பவர்கள் அதையும் சேர்த்துக் கணக்கிடவும்."

ஒருமுறை படித்தாள். ஒரு லாரி போனது. அது போனபிறகு இன்னொருமுறை படித்தாள். அனுப்பினாள்.

*

பரிந்துரை உடனே ஊருக்குத் தெரியாது. யாருக்கு எழுதப்பட்டதோ அவருக்குப் போகும். அவர் படித்துப் பார்த்து, பிடித்திருந்தால் நீல பட்டனைத் தட்ட வேண்டும். தளத்தைச் செய்தவர்கள் அந்த அளவுக்கு யோசித்திருந்தார்கள்.

தம்பியைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை. நான்கு மாதமாக நீல பட்டன் எங்கே வந்தாலும் தட்டிக்கொண்டிருந்த விரல் அது. அழைப்பு வந்தால் நீலம். வாழ்த்து வந்தால் நீலம். அக்காவின் பெயரைப் பார்த்தான். தட்டினான். மகிழ்ச்சியில் தன் ஆயிரத்து நூற்று ஏழு பேருக்கும் அதைப் பகிர்ந்தான். "என் வழிகாட்டி என்னைப் பற்றி" என்று தலைப்புப் போட்டான். அதன்பிறகு படித்தான்.

மாலையில் அக்கா வீட்டுக் கதவைத் தட்டவில்லை, இடித்தான். பின்னாலேயே அவன் மனைவி வந்தாள். அவள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். வேலை உடுப்பு மாற்றாமல் வந்திருந்தாள். வரும் வழியெல்லாம் சிரித்திருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"நல்லதா நாலு வரின்னுதானேக்கா கேட்டேன்!"

"நல்லதாத்தான் எழுதியிருக்கேன்."

"லேட்டா வருவான்னு எழுதியிருக்கே!"

"ஒன்பது நிமிஷம்னு எழுதியிருக்கேன். லேட்டா வருவான்னு மொட்டையா எழுதினாத்தான் தப்பு. எவ்வளவுன்னு தெரியாம அவங்க கஷ்டப்படுவாங்க."

"நான் தராசு இல்லக்கா!"

"தராசா இருந்தா இன்னும் நல்லாவே எழுதியிருப்பேன்."

தம்பி மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணி, அந்த ஒன்றரை மடங்கு இருக்கே, அதை மட்டும் சட்டம் போட்டு எங்க வீட்டு ஹால்ல மாட்டப்போறேன். பன்னிரண்டு வருஷமா எனக்குக் கணக்கு ஒத்துவரல. இன்னைக்குத்தான் சூத்திரம் கிடைச்சுது."

"நீ கொஞ்சம் சும்மா இரு. ஒருத்தன் பொழப்பே நாறிப்போய்க் கிடக்கு."

"அழிச்சிடேன்" என்றாள் அக்கா.

"அழிக்கவா? முந்நூறு பேரு பார்த்தாச்சு. இந்த நாலு மாசத்துல நான் போட்டதை எல்லாம் சேர்த்தாக்கூட முந்நூறு பேரு பார்க்கல. என் தன்னம்பிக்கைக் கட்டுரைக்கு மொத்தம் ஆறு பேரு கைதட்டினாங்க. அதுல ஒண்ணு நான்."

"ரெண்டு நான்" என்றாள் மனைவி. "கடை போன்லயும் தட்டினேன்."

அவன் போனை எடுத்தான். அழிக்கும் பட்டன்மேல் கட்டைவிரல் நின்றது. அப்போதுதான் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இருங்க. கீழ என்னமோ இருக்கு."

பரிந்துரைக்குக் கீழே ஒருவர் கேள்வி எழுதியிருந்தார். படத்தில் நரைத்த முடியை ஒட்ட வெட்டிய பெண்மணி. மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுத் தலைவர். ஒரே வரி.

"ஒன்பது நிமிடம் என்கிறீர்கள். கூட்டல் கழித்தல் எவ்வளவு?"

யாரும் சிரிக்கவில்லை.

"என்ன கேக்கறாங்க?" என்றாள் மனைவி.

"அளந்தவங்களுக்கே எவ்வளவு சந்தேகம் இருக்குன்னு கேக்கறாங்க" என்றாள் அக்கா. "சான்றிதழ்ல அதுவும் இருக்கணும். போட மறந்துட்டேன்." அவள் முகம் சிவந்திருந்தது. பதினான்கு வருடத்தில் அவள் மறந்ததில்லை.

தன் போனை எடுத்து அங்கேயே நின்றபடி தட்டினாள்: "கூட்டல் கழித்தல் அரை நிமிடம். மழை நாட்களில் ஒன்றரை. குறிப்பிடாததற்கு மன்னிக்கவும்."

மறுநாள் காலை தம்பிக்கு அழைப்பு வந்தது. புதன்கிழமை பத்து மணிக்கு நேர்காணல்.

*

அதே நாள் முத்திரை அக்காவின் அறைக்கு வந்தார். அவர் வருவது அபூர்வம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றார். தராசின் எண் காற்றில் ஆடியது.

"நீங்களும் அந்தத் தளத்துல சேர்ந்துட்டீங்களாமே."

"ஆமா சார். தம்பிக்கு எழுதறதுக்காக."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அதுல சேர்றவங்க யாரும் சும்மா சேர்றதில்ல. மூட்டையைக் கட்டிட்டுத்தான் சேர்றாங்க."

"நான் கட்டல சார்."

"உங்களை அங்க நானே பார்த்தேன்."

"அப்ப நீங்களும் அங்க இருக்கீங்களா சார்?"

முத்திரை தொண்டையைச் செருமினார். கதவை மூடினார். தன் கையில் இருந்த சான்றிதழ் ஒன்றைக் கருங்கல் மேசையில் வைத்தார்.

"இந்த நகைக்கடைத் தராசு. கடைசி எண்ணுல நாலு வருது. ரொம்பச் சின்னது. பூஜ்யம்னு போட்டுடலாம்னு அந்தக் கடைக்காரர் கேக்கறாரு. பழைய வாடிக்கைக்காரர். உங்களுக்கு ஒரு விரல் அசைவு."

"நாலு வந்துச்சு சார்."

"நாலுதான். நாப்பது இல்லையே."

"நாப்பது வந்திருந்தா நாப்பது போட்டிருப்பேன் சார்."

அவர் சான்றிதழை எடுத்துக்கொண்டார். போகும்போது சொன்னார்: "உங்க தம்பி இப்படித்தான் வாடிக்கைக்காரங்ககிட்ட வாதாடுவான். ரெண்டு பேரும் ஒரே அச்சு."

கதவு மூடியது. எண் நிலைக்க மூன்று நிமிடம் ஆனது. நிலைத்ததும் ஒரு லாரி வந்தது.

*

புதன்கிழமை மத்தியானம் வரை அக்கா போனைப் பார்க்கவில்லை. ஒருமுறை, எடுத்த எடைக்கல்லைப் பெட்டியில் வைத்துவிட்டு, கையை உதறி, மறுபடி எடுத்தாள்.

நாலு மணிக்குப் போன் அதிர்ந்தது. தம்பி என்று நினைத்து எடுத்தாள். தளத்திலிருந்து செய்தி. ஒட்ட வெட்டிய நரைமுடி.

"வணக்கம். உங்கள் தம்பியை இன்று பார்த்தோம். எங்களுக்குப் பிடித்தது. ஆனால் இது ஓர் அறையில் உட்கார்ந்து அளக்கும் வேலை. அவர் நடக்கிறவர். பழக்கிக்கொள்வார், நேரம் ஆகும். நீங்கள் எழுதியதைப் படித்த நாளிலிருந்து உங்களைக் கேட்க வேண்டும் என்றே தோன்றுகிறது. இத்தனை வருடத்தில் நூற்றுக்கணக்கான பரிந்துரைகளைப் படித்திருக்கிறேன். பிழையைப் போட்டு வந்தது உங்களுடையது ஒன்றுதான். சொந்தத் தம்பிக்கு.

"இடம் ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் வருவதானால் உங்களுக்கு. வேண்டாம் என்றால் அவருக்கு. உங்களிடம் சுற்றி வளைத்துக் கேட்கக் கூடாது என்பதால் உள்ளபடி எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் போதும். அவரிடம் இதுவரை எதுவும் சொல்லவில்லை.

"லாரிகளைப் பற்றி அவர் சொன்னார். எங்கள் எடை அறை தரைக்குக் கீழே இருக்கிறது. இங்கே எதுவும் ஆடாது."

அக்கா கடைசி வரியை இரண்டாம்முறை படித்தாள். செய்தியின் ஓரத்தில் சின்னதாக ஒரு குறி விழுந்தது. படித்துவிட்டாள் என்று எழுதியவருக்குக் காட்டும் குறி.

வெளியே ஒரு லாரி போனது. கண்ணாடிக் கூண்டுக்குள் எண் ஏறியது, இறங்கியது, ஏறியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லாரி போய், எண் நின்றபிறகும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒரு தராசு மட்டும் அன்றைக்கு முடியாமல் இருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கூண்டுக்குத் துணி போர்த்தினாள். பதில் எழுதவில்லை. போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

*

பேருந்து நிறுத்தத்தில் தம்பி நின்றிருந்தான். முகம் வழித்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. கையில் இரண்டு காகிதக் கோப்பை. ஒன்றை நீட்டினான்.

"பார்த்தியா? இன்னைக்கு உனக்கு முன்னாடியே வந்து நிக்கறேன். உன் கணக்கு தப்பு."

"எத்தனை மணிக்கு வர்றேன்னு நீ சொல்லவே இல்லையே. சொல்லாத நேரத்துக்குப் பிழை கிடையாது."

"உன்கிட்ட வாயைக் குடுத்தேன் பாரு."

தேநீர் ஆறியிருந்தது. வெகுநேரமாக நிற்கிறான். இருவரும் நிறுத்தத்தின் இரும்பு இருக்கையில் உட்கார்ந்தார்கள். கைப்பையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்படிப் போச்சு?"

"சூப்பர்க்கா. மூணு மணி நேரம் பேசினாங்க."

அவள் பார்த்தாள்.

"சரி, ரெண்டு."

"சரியான நேரத்துக்குப் போனியா?"

"ஒன்பதரைக்கே போயிட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமா. அவ ஏழு மணிக்கே என்னை வீட்டைவிட்டுத் தள்ளிட்டா. கதவைச் சாத்திட்டு ஜன்னல் வழியா டாட்டா காட்டறா. ஒன்பதரைக்கு கேட்டுக்கு எதிர்ல நின்னேன். மரம் ஒண்ணு இருந்துச்சு. அதுக்கடியில நின்னேன்."

"உள்ள போக வேண்டியதுதானே?"

"எப்படிப் போறது? பத்து ஒன்பது ஆகணுமே."

அக்கா கோப்பையை வாயிலிருந்து எடுத்தாள்.

"என்ன சொல்றே?"

"நீ எழுதியிருக்கேல்ல, ஒன்பது நிமிஷம்னு. கூட்டல் கழித்தல் அரை நிமிஷம்னு வேற போட்டிருக்கே. மழையும் இல்ல. நான் பாட்டுக்கு டாண்ணு பத்துக்குப் போய் நின்னா உன் எழுத்து என்ன ஆவுறது? அந்தம்மா உன்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"மடையா."

"திட்டாதே. அதுதான் வேலை செஞ்சுது. நான் உள்ள போனதும் அந்தம்மா சுவத்துக் கடிகாரத்தைப் பார்த்தாங்க. பேனாவை எடுத்து எதையோ குறிச்சாங்க. அப்புறம் சிரிச்சாங்க பாரு, விழுந்து விழுந்து."

"விழுந்து விழுந்தா?"

"லேசா. ஆனா சிரிச்சாங்க."

"உன்கிட்ட என்ன கேட்டாங்க?"

"வேலையைப் பத்தி ஒரு பத்து கேள்வி. ஒன்பதுக்கு நல்லாச் சொன்னேன். ஒண்ணு தெரியாதுன்னேன். தெரியாதுன்னதையும் குறிச்சுக்கிட்டாங்க. அப்புறம் பூரா உன்னைப் பத்திதான்."

"என்னைப் பத்தியா?"

"எத்தனை வருஷமா பார்க்கறாங்க, எப்படி அளப்பாங்க, இதெல்லாம். நான் விடுவேனா? லாரி கதையை அவிழ்த்து விட்டேன். கையில இடுக்கியோட சிலை மாதிரி நிப்பாங்கன்னு நடிச்சே காட்டினேன். நகைக்கடைக்காரங்க வந்து கெஞ்சினாலும் ஒரு புள்ளி மாத்த மாட்டாங்கன்னு சொன்னேன். உன்னை அங்க பெரிய ஆளாக்கிட்டேன்க்கா. ஒன்றரை மடங்கு எல்லாம் இல்ல. இந்த விஷயத்துல மட்டும் உள்ளதை உள்ளபடி சொன்னேன்."

அவர்கள் ஏற வேண்டிய பேருந்து வந்தது. கதவு திறந்தது. இருவரும் எழவில்லை. கதவு மூடியது.

"எனக்கு இது கிடைச்சிரும்க்கா" என்றான். கோப்பையின் விளிம்பைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டான். "கையில எடைப்பெட்டி இல்லாம நடந்தா என்னமோ ஒரு பக்கம் சாயற மாதிரியே இருந்துச்சு நாலு மாசமா. இன்னைக்கு அந்தக் கேட்டைத் தாண்டி உள்ள போனேன் பாரு, நேரா நடந்தேன். உண்மையாவே. கூட்டிச் சொல்லல."

"தெரியும்" என்றாள்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் குளிச்சிட்டேன்னு வெச்சுக்கோ, அவ மயக்கம் போட்டு விழுந்துடுவா."

அக்கா சிரிக்கப் பார்த்தாள். கைப்பையின் ஜிப்பை விரல் தடவியது. தளத்தின் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு கோபம் வரவில்லை. அது இல்லாவிட்டால் அந்தத் தொழிற்சாலை இருப்பதே இவர்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த அறை தரைக்குக் கீழே இருப்பதும் தெரிந்திருக்காது.

தெருவில் ஒரு லாரி திரும்பியது. அவள் கை தன்னையறியாமல் கோப்பையோடு காற்றில் நின்றது. தம்பி அதைப் பார்த்துச் சிரித்தான். லாரி போகும்வரை அவனும் தன் கோப்பையை அதேபோல் பிடித்துக்கொண்டிருந்தான்.

லாரி போயிற்று. அவன் கோப்பையை நசுக்கித் தொட்டியில் போட்டான்.

"கிளம்பறப்ப அந்தம்மா ஒண்ணு கேட்டாங்க. உங்க அக்கா தளத்துல வர்ற செய்தியெல்லாம் பார்ப்பாங்களான்னு. பார்க்கவே மாட்டாங்கன்னு சொன்னேன். எதுக்குக் கேட்டாங்கன்னு பஸ்ல வர்றப்பத்தான் யோசிச்சேன். எனக்குச் சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு வார்த்தை விசாரிப்பாங்களோ என்னவோ."

அவன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். வழித்த முகம் சின்னவனாகக் காட்டியது.

"அக்கா, அவங்க உனக்கு ஏதாவது எழுதினாங்களா?"